சென்சார் எப்போதும் பதில் தரும்

ராஜபாளையம்
9 செப்டம்பர் 2024

ஈஸ்வரி,

என் எண்ணை நீ தடுத்து வைத்திருக்கிறாய். மெயிலுக்கும் பதில் இல்லை. பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளியிருக்கிற ஸ்ரீவில்லிபுத்தூருக்குத் தபால் எழுதுவது எனக்கே ஒரு மாதிரியாக இருக்கிறது. நேரில் வர இரண்டு தடவை பஸ் ஏறினேன். ஒரு தடவை உன் தெருமுனை வரை வந்துவிட்டேன். உன் அப்பாவைச் சக்கர நாற்காலியில் வாசலுக்குக் கொண்டுவந்து சோறு ஊட்டிக்கொண்டிருந்தாய். திரும்பிவிட்டேன்.

மில் விபத்தைப் பேப்பரில் பார்த்துவிட்டு "என்ன செஞ்ச" என்று கேட்டாய். நான் போனை வைத்துவிட்டேன். அப்போது சொல்லாததை இப்போது சொல்கிறேன். ஆகஸ்ட் பதினேழாம் தேதி, பஞ்சு பிரிக்கிற பழைய மிஷினில் பஞ்சு அடைத்துக்கொண்டது. மாரிசெல்வி என்ற பெண் மூடியைத் திறந்து அதை எடுக்கப் போனாள். மூடியைத் திறந்தால் உருளை நிற்க வேண்டும். நிற்கவில்லை. வலது கையில் மூன்று விரல்கள் போய்விட்டன. அந்த மிஷினை ஓட்டுவது என் கம்பெனி செய்த கட்டுப்பாட்டு போர்டு. போர்டுக்குள் இருப்பது நம் அணில்.

நீ ஏப்ரலில் விலகிவிட்டாய். ஆனாலும் நம் அணில் என்றுதான் எழுத வருகிறது. ஐந்து வருடம் இரண்டு பேரும் சேர்ந்து வடிவமைத்த பிராசசர். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று இணையத்தில் திறந்து வைத்தோம். வடிவத்தை ஹாஸ்கெல் என்ற கணினி மொழியில் எழுதியது நான். அது தவறாது என்று கணிதத்தில் நிரூபித்தது நீ. "மூடி திறந்த தகவல் வந்தால், நாற்பது கடிகாரத் துடிப்புக்குள் நிறுத்தும் உத்தரவு வெளியே போகும்." உன் தேற்றம் அது. நாற்பது துடிப்பு என்றால் கண்ணிமைக்கிற நேரம்கூட இல்லை. இன்றைக்கும் கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்த்தேன். சரி என்று பச்சை காட்டுகிறது.

மில்லில் பராமரிப்பு மேனேஜர் சுந்தரபாண்டியன், மூடி சுவிட்சை யாரோ கயிறு போட்டுக் கட்டியிருக்க வேண்டும் என்கிறார். அந்தப் பெண்ணே கட்டியிருக்கலாம் என்கிறார். அதைச் சொல்ல அவருக்கு ஒரு பக்கம் வேண்டும். நிரூபணம் சரிதான், பிராசசர் பக்கம் தவறு வர வழியில்லை என்று, நிரூபித்தவள் கையெழுத்துப் போட்ட ஒரு பக்கம். உண்மையைத்தானே எழுதச் சொல்கிறேன்.

என் கம்பெனியில் ஆறு பேர் வேலை பார்க்கிறார்கள். வேறு என்ன சொல்ல.

விஜயபாண்டி


ஸ்ரீவில்லிபுத்தூர்
15 செப்டம்பர் 2024

விஜயபாண்டி,

போனில் பேசினால் நீ சொன்னதும் நான் சொன்னதும் காற்றோடு போய்விடும். நீ காகிதத்தில் ஆரம்பித்துவிட்டாய், காகிதத்திலேயே இருக்கட்டும்.

பார்க்காத எதிலும் நான் கையெழுத்துப் போட மாட்டேன். அது உனக்குத் தெரியும். அதனால் இரண்டு காரியம் செய்தேன்.

முதலில் மம்சாபுரம் போனேன். மாரிசெல்வியின் வீட்டைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. "கைய விட்ட பொண்ணு வீடா?" என்று கேட்டு டீக்கடைக்காரர் வழி காட்டினார். ஊரில் அவளுக்கு இப்போது அதுதான் பேர். கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் யார் என்று சொன்னேன். பிராசசர் என்றால் என்ன என்று அவள் கேட்கவில்லை. "அந்த மிஷினுக்கு மூளை செஞ்சவுகளா நீங்க?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

"சுவிட்ச யாரும் கட்டலக்கா. நான் மூடியத் திறந்தேன். எப்பவும் டக்குன்னு நிக்கும், அன்னைக்குச் செத்த நேரம் சுத்திக்கிட்டே இருந்துச்சு. நின்னுரும்னு நெனச்சுத்தான் கைய வச்சேன். எம்புட்டோ தடவ எடுத்திருக்கேன், தெனமும் நிக்கும்லா."

அவள் மாமியார் உள்ளேயிருந்து, "கண்ணு எங்க இருந்துச்சாம், அதக் கேளுங்க" என்றார். அவள் கணவன் சிவபாண்டி ஆட்டோ ஓட்டப் போயிருந்தார்.

வீட்டுக்கு வந்து, அப்பாவைத் தூங்க வைத்துவிட்டு, ஆறு மாதமாகத் தொடாத கோப்பைத் திறந்தேன். நான் ஏன் ஹாஸ்கெல்லில்தான் எழுத வேண்டும் என்று உன்னிடம் அடம்பிடித்தேன் என்று நினைவிருக்கிறதா? அதில் ஒவ்வொரு பகுதியும் ஒரு கணிதச் சார்பு. ஒரே கேள்விக்கு என்றைக்கும் ஒரே பதில். கேட்டது மில் முதலாளியா மாரிசெல்வியா என்று அது பார்க்காது. அப்படிப்பட்ட ஒன்றைப் பற்றித்தான் கணிதத்தில் எதையாவது அடித்துச் சொல்ல முடியும்.

தேற்றம் சரியாகத்தான் இருக்கிறது. தேற்றத்துக்கு மேலே 412ஆவது வரியில் ஓர் அனுமானம் இருக்கிறது: "சென்சார் எப்போதும் பதில் தரும்." அதை நான் எழுதவில்லை. என் நிரூபணத்தில் அது தேவையே இல்லை. பஞ்சின் ஈரத்தை அளக்கிற சென்சாரிடம் கேட்டுவிட்டு அணில் பதிலுக்குக் காத்திருக்கும்போது, முப்பத்திரண்டு துடிப்பில் பதில் வராவிட்டால் காவல் டைமர் அதை எழுப்பிவிட்டு மிஷினை நிறுத்தும். இப்போது டைமர் வடிவத்திலேயே இல்லை. யார் எடுத்தது? சென்சார் பதில் தராவிட்டால் அணில் காத்துக்கொண்டே நிற்கும். அந்த நேரத்தில் மூடி திறந்த தகவல் வந்தால் திரும்பிக்கூடப் பார்க்காது.

சென்சார் எப்போதும் பதில் தரும் என்று உனக்கு யார் சொன்னது? பஞ்சுத் தூசி பறக்கிற இடத்தில்?

பொய்யை முன்னால் வைத்தால் பின்னால் எதை வேண்டுமானாலும் நிரூபிக்கலாம். பச்சை காட்டத்தான் செய்யும். நீ கேட்ட பக்கத்தை நான் எழுத மாட்டேன்.

ஈஸ்வரி


ராஜபாளையம்
20 செப்டம்பர் 2024

ஈஸ்வரி,

டைமரை எடுத்தது நான்தான். மறைக்கவில்லை. நீ கேட்டிருந்தால் முதல் நாளே சொல்லியிருப்பேன்.

மிஷின் ஒரு ஷிஃப்டுக்கு எட்டு தடவை நின்றது. தூசி படிந்து சென்சார் பதில் தரத் தாமதிக்கும், டைமர் உடனே மிஷினை நிறுத்தும். சுந்தரபாண்டியன் என்னை மிஷின் பக்கத்தில் நிற்க வைத்துக் காட்டினார். "தம்பி, இது காவக்காரனா, கழுத்தறுப்பானா? ஒண்ணு இத எடு, இல்ல போர்டையே கழட்டிட்டுப் போ" என்றார். சென்சாருக்கு மேல் ஒரு வலை போட்டுத் தூசியைத் தடுத்துவிட்டால் டைமர் தேவையில்லை என்று நினைத்தேன். வலை போட்டேன். டைமரை எடுத்தேன். நிரூபணம் ஓரிடத்தில் உடைந்தது. அந்த ஒரு வரியைச் சேர்த்தேன், மறுபடி பச்சை காட்டியது. வலையை மாதம் ஒருமுறை சுத்தம் செய்யச் சொல்லியிருந்தேன். செய்யவில்லை போல.

ஆனால் ஒன்று கேட்கிறேன், கோபப்படாதே. நம் விதி என்ன? ஒருவர் செய்த மாற்றத்தை இன்னொருவர் பார்த்துச் சரி என்று சொல்லாமல் எதுவும் உள்ளே போகாது. அந்த விதியைப் போட்டதே நீ. இந்த மாற்றமும் அப்படித்தான் போனது. மாற்றங்களின் பதிவைத் திறந்து பார். மார்ச் 11, காலை பதினொன்று இருபது. "பார்த்தேன், சரி." கீழே உன் பெயர். திறந்த வடிவம்தானே, உலகத்தில் யாரும் பார்க்கலாம். மில் வக்கீலும் பார்த்துவிட்டார்.

இதை எழுதாமல் இருந்திருக்கலாம். உன் கடிதம் என்னை எழுத வைத்துவிட்டது.

விஜயபாண்டி


ஸ்ரீவில்லிபுத்தூர்
3 அக்டோபர் 2024

விஜயபாண்டி,

பதிவைப் பார்த்தேன். முதல் இரண்டு நாள் நீ என் கணக்கில் புகுந்து எழுதியிருப்பாய் என்று நம்பப் பார்த்தேன். அப்படி இல்லை. என் போனிலிருந்து போனதுதான்.

மார்ச் 11 காலை ஆறு மணிக்கு அப்பா குளியலறையில் விழுந்தார். முப்பது வருடம் போலீஸில் லத்தி பிடித்த பால்ச்சாமி ஏட்டான அவருக்கு அன்றைக்கு டம்ளரைப் பிடிக்க முடியவில்லை. மதுரைக்குக் கொண்டுபோனோம். பதினொன்று இருபதுக்கு ஸ்கேன் அறைக்கு வெளியே நின்றிருப்பேன். அந்தக் காலையில் எனக்கு ஞாபகம் இருப்பது ஒன்றுதான். செருப்பைக் கழற்றச் சொன்னதற்கு அப்பா மாட்டேன் என்று காலை மடக்கிக்கொண்டார். அவர் பேச நினைத்தது சத்தமாக மட்டும் வந்தது. உன் மெசேஜ் வந்ததோ, நான் திறந்ததோ, "சரி" என்று தட்டியதோ எதுவும் ஞாபகம் இல்லை. யோசித்து யோசித்துப் பார்க்கிறேன். இல்லை.

ஞாபகம் இல்லை என்பதால் செய்யவில்லை என்று ஆகிவிடாது. ஒரு வரி. மற்ற எந்த நாளாக இருந்தாலும் அந்த ஒரு வரியிலேயே நிறுத்தி உன்னைத் திட்டியிருப்பேன்.

உன்னைக் குற்றம் சொல்லி எழுதியதற்கெல்லாம் இப்போது என்ன சொல்வது என்று தெரியவில்லை. சொல்லாமலே விடுகிறேன். செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். தொழிற்சாலை விபத்துகளை விசாரிக்கிற அலுவலகத்துக்கு இரண்டு பேரும் சேர்ந்து எழுதுவோம். டைமரை எடுத்தது நீ, பார்க்காமல் சரி என்றது நான், மாரிசெல்வி மேல் தவறில்லை. மூன்று வாக்கியம் போதும். அந்த போர்டை மட்டும் பத்திரமாக எடுத்து வை. சென்சாரைத் துண்டித்துவிட்டு ஒரு தடவை ஓட்டிக் காட்டினால் போதும், கணிதம் தெரியாதவருக்கும் புரியும். மூடியைத் திறப்போம், அது நிற்காது.

உடனே பதில் எழுது.

ஈஸ்வரி


ராஜபாளையம்
14 அக்டோபர் 2024

ஈஸ்வரி,

போர்டு இல்லை. செப்டம்பர் கடைசியிலேயே மில்லில் எல்லா போர்டையும் கழற்றிவிட்டார்கள். வேறு கம்பெனி போர்டு போட்டாகிவிட்டது. பழையவை எங்கே என்று கேட்டேன். "பழைய இரும்போட போயிருச்சு தம்பி, உமக்கு எதுக்கு அது?" என்றார் சுந்தரபாண்டியன். என்னிடம் இருக்கிற போர்டில் ஓட்டிக் காட்டலாம். அது மிஷினில் இருந்த போர்டு அல்ல என்று வக்கீல் ஒரு நிமிடத்தில் சொல்லிவிடுவார்.

இன்னொன்று. விபத்து நடந்த மறுநாளே ஒரு தாளில் என்னிடம் கையெழுத்து வாங்கிவிட்டார்கள். "பிராசசரின் நிறுத்தும் செயல் கணித முறையில் நிரூபிக்கப்பட்டது, சுவிட்ச் இயங்கியிருந்தால் மிஷின் நின்றிருக்கும்." அப்போது அதை நம்பித்தான் போட்டேன். பாதி நம்பி. அந்தத் தாளைக் காட்டி மாரிசெல்வியிடமும் எழுதி வாங்கியிருக்கிறார்கள். கவனக் குறைவால் நேர்ந்தது என்று. இடது கைப் பெருவிரல் ரேகை. அதற்குப் பதிலாக அவள் நாத்தனாருக்கு மில்லில் வேலை போட்டுக் கொடுத்தார்களாம்.

உன் மூன்று வாக்கியத்தை எழுதிப் பார்த்தேன். நான்கு தடவை எழுதினேன். ஒவ்வொரு தடவையும் முதல் வாக்கியத்தில் நின்றுவிட்டேன். வேலை பார்க்கிற ஆறு பேரில் கல்பனா எட்டு மாதக் கர்ப்பிணி. என்னால் முடியவில்லை. கோழை என்று சொல், நான் மறுக்கவில்லை.

கடைசியாக ஒன்று. இதைச் சொல்லாவிட்டால் உன்னை அந்த ஸ்கேன் அறை வாசலிலேயே நிற்க வைத்துவிட்டுப் போனவன் ஆவேன். அப்பா விழுந்தது எனக்கு அன்று காலை ஏழு மணிக்கே தெரியும். உன் தம்பி வேல்பாண்டி போன் செய்திருந்தான். அந்த மாற்றம் மூன்று நாளாக என்னிடம் தயாராக இருந்தது. நீ 412ஆவது வரியில் நிறுத்துவாய் என்று தெரியும். அன்றைக்கு நிறுத்த மாட்டாய் என்றும் தெரியும். அதனால்தான் அன்று அனுப்பினேன்.

விஜயபாண்டி


ஸ்ரீவில்லிபுத்தூர்
11 நவம்பர் 2024

விஜயபாண்டி,

உன் கடிதத்தைப் படித்த பிறகு உனக்கு எழுதுவதில்லை என்று இருந்தேன். தீபாவளி வந்து போனது. நீ செய்ததற்கு என்ன பெயர் என்று தேடினேன், கிடைத்த பெயர் எதுவும் போதவில்லை. ஆனால் உன்னைத் திட்டி முடித்தாலும் பதிவில் இருக்கிற பெயர் என்னுடையதுதான். அதோடு இதை விடுகிறேன். இனி நாம் நண்பர்கள் இல்லை. நடந்ததை மட்டும் எழுதுகிறேன், உனக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக.

நான் தனியாகவே அந்த அலுவலகத்துக்குப் போனேன். இரண்டு தடவை. அதிகாரி நல்ல மனிதர், உட்கார வைத்துக் கேட்டார். மடிக்கணினியில் தேற்றத்தைக் காட்டி, அனுமானத்தைக் காட்டி, ஒரு மணி நேரம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இப்ப இந்தப் பச்ச எழுத்து சரின்னுதானம்மா சொல்லுது?" என்றார். ஆமாம், ஆனால் என்று ஆரம்பித்தேன். "கம்ப்யூட்டரே சரிங்குது. செஞ்சவரு சரின்னு எழுதிக் கொடுத்திருக்காரு. அடிபட்ட பொண்ணே என் தப்புன்னு ரேகை வச்சிருக்கு. நீங்க ஒருத்தர் மட்டும் இல்லங்கீங்க. நான் எத வச்சு எழுத, சொல்லுங்கம்மா?" அவர் கேட்டதில் தவறு இல்லை. மடிக்கணினியை மூடிக்கொண்டு எழுந்து வந்தேன்.

டைமரைத் திரும்ப வைத்துவிட்டேன். அந்த வரியை நீக்கி முழுவதும் மறுபடி நிரூபித்தேன். பதினொரு நாள் ஆனது, அப்பா தூங்குகிற பகல் நேரங்களில். பழைய வடிவத்தில் தவறு இருக்கிறது என்று முகப்பிலேயே எழுதி, என் பெயரையும் போட்டுவிட்டேன். உன் பெயரைப் போடவில்லை. பதிவில் இருக்கிறது, தேடுகிறவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

ஆனால் இடையில் அறுபத்தொரு பேர் பழைய வடிவத்தைப் பிரதி எடுத்திருக்கிறார்கள். எல்லாருக்கும் எழுதினேன். ஒன்பது பேர் பதில் போட்டார்கள். ஒருவர் கிணற்று மோட்டாரில் வைத்திருக்கிறாராம், மாற்றிவிடுவதாகச் சொன்னார். ஒரு மாணவி பாடத்துக்காக எடுத்தேன் என்றாள். மீதி ஐம்பத்திரண்டு பேர் யார், எதில் வைத்தார்கள், தெரியாது. யாரும் எடுக்கலாம், யாரிடமும் கேட்க வேண்டாம் என்று எழுதியபோது எத்தனை பெருமைப்பட்டோம். இப்போது யாரைத் தேடுவது?

போன வாரம் மாரிசெல்வி என் வீட்டுக்கு வந்தாள். மம்சாபுரத்திலிருந்து தனியாக பஸ்ஸில். புது நிரூபணம் முடிந்ததையும், பழையது எங்கே ஓட்டை என்பதையும் சொன்னேன். "அப்ப எம்மேல தப்பு இல்லன்னு கணக்குலயே வந்துருச்சாக்கா?" என்றாள்.

"வந்துருச்சு."

"ஆபீஸ்ல காட்டுனீகளா?"

"காட்டினேன். எடுத்துக்கிட மாட்டேன்னுட்டாங்க."

"ஆபீஸ் கெடக்கட்டும். எனக்கு ஒரு தாள்ல எழுதித் தாங்க, தமிழ்ல. எங்க வீட்டுல காட்டணும். நாத்தனா வேலைக்குப் போகையில டிபன் பாக்ஸக் கட்டிக் கொடுக்கேன், அவ கூட, பாத்து வேல செய்யணும் மதினின்னு எனக்குச் சொல்லிட்டுப் போறா."

எழுதினேன். "மாரிசெல்வி மூடியைத் திறந்தபோது மிஷின் நின்றிருக்க வேண்டும். எங்கள் வடிவத்தில் இருந்த தவறால் நிற்கவில்லை. அவர் கவனக் குறைவு எதுவும் இல்லை." கையெழுத்துப் போட்டேன். அவள் இடது கையில் பிடித்து எழுத்துக் கூட்டி வாசித்தாள்.

"உங்க பேரு இருக்கு. போர்டு போட்ட அந்த அண்ணன் பேரு இல்லையே. நீங்க பொம்பளைக்குப் பொம்பள எரக்கப்பட்டு எழுதினீகன்னு சொல்லுவாக. அவியளும் போட்டாத்தான் நம்புவாக."

அந்தத் தாளை இதோடு வைத்திருக்கிறேன். கோர்ட்டுக்கும் அலுவலகத்துக்கும் போகாது. அவள் வீட்டுக்கு மட்டும். போடுவதும் கிழிப்பதும் உன் விருப்பம். போட்டால் எனக்கு அனுப்ப வேண்டாம். நேரே அவளிடம் கொடு.

ஈஸ்வரி


ராஜபாளையம்
18 நவம்பர் 2024

ஈஸ்வரி,

நீ இதைப் படிக்காமல் போட்டாலும் சரி. நடந்ததை நீயும் தெரிந்துகொள்ள வேண்டும்.

கையெழுத்துப் போட்டேன். இந்தத் தடவை ஒரே மூச்சில் போட்டேன். ஞாயிற்றுக்கிழமை மம்சாபுரம் போனேன். எல்லாரும் வீட்டில் இருந்தார்கள். மாரிசெல்வி, சிவபாண்டி, மாமியார், நாத்தனார். நாத்தனாருக்கு என்னை மில்லில் பார்த்த ஞாபகம், நாற்காலி கொண்டுவந்து போட்டாள். நான் உட்காரவில்லை. தாளைச் சிவபாண்டியிடம் கொடுத்தேன். அவர் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி வாசித்தார். பிறகு நான் என் வாயால் சொன்னேன். டைமரை எடுத்தது நான், தெரிந்தே எடுத்தேன், உங்கள் மனைவி வழக்கமாகச் செய்கிற வேலையைத்தான் செய்தார் என்றேன். மாரிசெல்வி சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

யாராவது அடிப்பார்கள் என்று எதிர்பார்த்தேன். சிவபாண்டி தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"நீங்க இம்புட்டுத் தூரம் வந்து சொன்னதே பெருசு சார். படிச்சவுக, சொன்னாச் சரியாத்தான் இருக்கும்" என்றார். கொஞ்சம் யோசித்தார். "ஆனாலும் சார், மிஷினு சுத்துறது கண்ணுக்குத் தெரியும்லா? இவளும் செத்த பாத்துக் கைய வச்சிருக்கலாம்ல?"

மறுபடி முதலிலிருந்து விளக்கினேன். நன்றாகத் தலையாட்டினார். மாமியாரும் தலையாட்டினார். மாரிசெல்வி உள்ளே போய், எனக்கு இடது கையால் காபி கொண்டுவந்து வைத்தாள்.

விஜயபாண்டி